மூன்றாம் அறையில் ஆள் இல்லை

அத்தியாயம் 4

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துக்கொள்ளும். எனக்கு நேர்மாறு. அன்று மத்தியானம் வெங்கடம்மா எங்கள் ஆபீஸ் படியேறி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய கோலத்தைப் பார்த்ததும், "வாங்கம்மா, லிப்டு ரிப்பேரு, மன்னிச்சிக்கோங்க" என்றேன். ஆண்டர்சன்பேட்டையில் தையல் கடைக்கு மேலே இருக்கும் அந்தக் கட்டிடத்தில் லிப்ட் என்ற ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"சைலஸண்ணா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் ரூபா.

ரூபா என் முதலாளி. என்னைவிடப் பத்து வயசு சின்னவள். பெங்களூரில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி எழுதி அலுத்துப்போய், ஒரு நாள் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி மேனேஜர் மேசையில் விட்டெறிந்துவிட்டு, ஊருக்கு வந்து துப்பறியும் ஆபீஸ் போட்டவள். நான் சைலஸ். முன்பு டாக்ஸி ஓட்டினேன். இப்போது அவளுக்கு உதவியாளன். பயந்தாங்கொள்ளி என்று என் மனைவி சொல்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வெங்கடம்மா நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள்.

"எம் பொண்ணு வாணிய காணோம்மா. காலைல வெடியறதுக்குள்ள டூட்டின்னு போனவ. போனு ஆஃப்பு. கேட்டா ஓடிட்டான்றாங்க. இன்னாம்மா நாயம் இது? ஓடற பொண்ணா அவ?"

அவளுக்குப் பின்னால் வந்த இளைஞன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். சட்டையெல்லாம் வியர்வை. பெயர் ஹேமந்த். வாணியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை.

அந்த இடம் எனக்கும் தெரியும். நந்திதுர்க்கில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய எஞ்சின் ஷெட் ஒன்றை பஜார் வியாபாரி வேணுகோபால் எடுத்து, உள்ளே அறை அறையாகத் தடுத்து, மாம்பழமும் தக்காளியும் வைக்கும் குளிர் கிடங்காக்கியிருந்தார். பழம் கெடாமல் இருக்க, அறையைப் பூட்டிக் காற்றில் இருக்கும் பிராணவாயுவை வெளியேற்றிவிடுவார்கள். பழம் தூங்கும். மனுஷன் உள்ளே போனால் அவனும் தூங்குவான், எழுந்திருக்க மாட்டான். அந்த வாரம் மனோகர் என்ற லோடுக்காரர் அப்படித்தான் விழுந்தார். கோலார் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்காமல் கிடக்கிறார்.

"கதவு, காத்து, கூலிங், எல்லாத்தையும் ஓட்றது வாணி எழுதின புரோகிராம் மேடம்" என்றான் ஹேமந்த். "மனோகர் விழுந்ததுக்கு அவ கோட்ல இருந்த மிஸ்டேக்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. அவளால தாங்க முடியல. ஆக்சுவலி, இன்னிக்குக் காலைல அவ பேர்ல ஒரு மாற்றம் போயிருக்கு. அதுல ஒரு நோட்டும் இருக்கு."

போனை நீட்டினான். புரோகிராமின் நடுவே ஒரு வரி: 'எல்லாம் என் தப்பு. என்னைத் தேட வேண்டாம்.' அதற்குக் கீழே ஏதோ பிராக்கெட் பிராக்கெட்டாக இருந்தது.

"சாயங்காலம் ஓனர் போலீசுக்குப் போறாரு. அவ பெங்களூர் டிரெய்ன் புடிச்சிருப்பான்னு நெனைக்கிறேன் மேடம்."

"கிடங்குல இப்போ யாரு?"

"லோடு இல்லாத நாள். எனக்கு, வாணிக்கு, டென்சிலுக்கு மட்டும்தான் இன்னிக்கு மெயின் கேட்டு தொறக்கும். டென்சில் மட்டும் கன்ட்ரோல் ரூம்ல இருக்கான். அவனும் கோட் எழுதுறவன்தான். அவனுக்கும் வாணிக்கும் போன வாரம் பயங்கர சண்டை."

"நீங்க எழுதுவீங்களா?"

"ஐயோ, நான் ஆளு, வண்டி, லோடு பாக்குறவன் மேடம். எங்கிட்ட புரோகிராம் எழுதற எடிட்டரே கெடையாது."

ரூபா போன் திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் புருவம் லேசாகச் சுருங்கியது. எனக்கு அந்தச் சுருக்கம் பிடிக்காது. அது வந்தால் நான் ராத்திரி தூங்கமாட்டேன்.

"வாணி எந்த கம்ப்யூட்டர்ல எழுதுவாங்கம்மா?"

"வூட்லதாம்மா. சாம்பியன் ரீப்ஸ்ல."

"போலாம். இப்பவே."

ஹேமந்தின் காரிலேயே போனோம். வெளியே பேய்க்காற்று. தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பி ரோட்டை மூடியது. ஜனங்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். வெங்கடம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு "முருகா, முருகா" என்று முணுமுணுத்தபடியே வந்தாள். 

சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. வாணியின் கம்ப்யூட்டர் ஜன்னலோரம் இருந்தது. அதன் ரகசிய எண் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. "எங்கிட்ட மறைக்க மாட்டாம்மா அவ" என்று அதை அடித்துக் கொடுக்கும்போது வெங்கடம்மா அழுதுவிட்டாள்.

ஹேமந்த் வாசலில் நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தான். ரூபா புரோகிராமைத் திறந்தாள்.

"இன்னா இது, பிராக்கெட்டா கொட்டிக் கெடக்குது?" என்றேன். "தொடப்பம் எடுத்தாந்து கூட்டட்டுமா?"

"இது லிஸ்ப்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை அண்ணா. இதுல எல்லாமே பிராக்கெட்டுக்குள்ளதான். மிஷினு பிராக்கெட்ட மட்டும்தான் பாக்கும். மனுஷன் அத்த எண்ணிக்கினு இருக்க மாட்டான். எந்த வரி எவ்ளோ உள்ள தள்ளி நிக்குதுன்னு பாத்தே படிப்பான். தள்ளி நிறுத்தற வேலைய எடிட்டர் தானா செய்யும். என்டர் தட்டினா, வரி போய் அதும் எடத்துல நிக்கும்."

"எடம் எதுன்னு அதுக்கு எப்டி தெரியும்?"

"ரூல் இருக்கு. சாதாரண வார்த்தைன்னா, அடுத்த வரி, அந்த வார்த்தைக்குப் பின்னாடி வர்ற மொத சாமானுக்கு நேர் கீழ போய் நிக்கும். சில முக்கியமான வார்த்தைன்னா, ரெண்டே ரெண்டு எழுத்து உள்ள தள்ளி நிக்கும். அந்த முக்கியமான வார்த்தைங்கள எடிட்டர் தெரிஞ்சி வெச்சிருக்கு. ஆனா நீங்களா ஒரு வார்த்தை உண்டாக்கினா அதுக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். வாணி ஒரு வார்த்தை உண்டாக்கிக்கிறா பாருங்க. கேஜ்."

"கேஜா?" வெங்கடம்மா எட்டிப் பார்த்தாள். "மைன்ல ஆளுங்கள எறக்கற கூண்டு, அந்த கேஜா?"

"அதேதாம்மா. இதுக்குள்ள போட்டதெல்லாம் ஒண்ணா எறங்கணும், ஒண்ணா ஏறணும். ஒண்ணு நின்னா எல்லாம் நிக்கணும். நல்ல மூளை உங்க பொண்ணுக்கு."

ரூபா வாணியின் எடிட்டர் செட்டிங்கைத் திறந்து காட்டினாள். ஒரு வரி இருந்தது. கேஜ் வந்தால் இரண்டு எழுத்து தள்ளு என்று எடிட்டருக்குச் சொல்லியிருந்தாள் அந்தப் பெண். புரோகிராம் முழுக்க எல்லா கேஜும் அப்படியே அடக்கமாக, இரண்டு எழுத்து உள்ளே தள்ளி நின்றன. காலையில் சேர்த்த துண்டைத் தவிர. அது இப்படி இருந்தது:

(கேஜ் அறை-3
      (ஆள்-இல்லாதபோது
       (மணி-அடி))
       (காற்றை-எடு))

"இது மட்டும் பங்காருபேட்டை வரைக்கும் போயிடுச்சே" என்றேன்.

"ஆமா. இத்த எழுதின எடிட்டருக்கு கேஜுன்னா இன்னான்னே தெரியாது. ஏதோ சாதாரண வார்த்தைன்னு நெனச்சி, மொத சாமானுக்கு நேர் கீழ கொண்டுபோய் வெச்சிருக்கு." ரூபா நாற்காலியைத் திருப்பினாள். "வெங்கடம்மா, இத்த உங்க பொண்ணு எழுதல. அந்த நோட்டும் அவ எழுதல. அவ ஓடிப் போகல."

வெங்கடம்மா கை இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஒரு நொடி முகம் மலர்ந்தது. அடுத்த நொடி அதில் ரத்தமே இல்லை.

"ஓடலன்னா... எங்க கீறா?"

ரூபா திரையையே பார்த்தாள். "ஒண்ணு பண்றேன்" என்றாள். "மொத்த புரோகிராமையும் மறுபடி ஒழுங்கா நிறுத்துன்னு எடிட்டர்கிட்ட சொல்றேன். அது கண்ணால பாக்காது, பிராக்கெட்ட எண்ணி நிறுத்தும்."

இரண்டு விசையைத் தட்டினாள். வாணியின் வரிகள் ஒன்றுகூட அசையவில்லை. அந்தத் துண்டு மட்டும் இடப்பக்கம் ஓடி வந்தது. ஓடி வந்து நின்றதும், கடைசி வரி தனியாகக் கழன்று விழுந்திருந்தது:

(கேஜ் அறை-3
  (ஆள்-இல்லாதபோது
    (மணி-அடி))
  (காற்றை-எடு))

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று.  முதலில் பார்த்தபோது, உள்ளே ஆள் இல்லாவிட்டால் மணி அடி, அப்புறம் காற்றை எடு என்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. நிஜத்தில் மணிக்குத்தான் அந்த நிபந்தனை. காற்றை எடுப்பதற்கு நிபந்தனையே இல்லை.

"ஒழுங்கா எழுதிட்டு, கடைசில ஒரே ஒரு பிராக்கெட்ட மேல் வரிக்கு மாத்திக்கிறான்" என்றாள் ரூபா. அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "வரிய நகத்தாம உட்டுட்டான். பாக்கறவன் கண்ண நம்புவான். மிஷினு பிராக்கெட்ட நம்பும்."

"ஆள் இருந்தாலும் காத்த எடுன்னு எவனாவது எழுதுவானா? எதுக்கு எழுதணும்?"

"உள்ள ஆள் இருக்கறதால."



துண்டுக்கு மேலே நேரம் போட்டிருந்தது. நாலு மணி. சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை தாண்டியிருந்தது. வெங்கடம்மாவுக்குப் பிராக்கெட் புரியவில்லை, ஆனால் எங்கள் முகம் புரிந்துவிட்டது. "ஏம்மா, இன்னாம்மா ஆச்சு, சொல்லும்மா" என்று ரூபாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வாணி கிடங்குல மூணாவது ரூம்ல இருக்கா. உசுரோட இருக்கா. போய்த் தொறந்துடலாம்."

சொல்லிக்கொண்டே ரூபா அந்தத் துண்டை அழித்துக் கிடங்குக்கு அனுப்பப் பார்த்தாள். கம்ப்யூட்டர் மறுத்தது. மாற்றம் அனுப்ப வாணியின் பெயரில் ஒரு சாவிக் கோப்பு வேண்டும். அது அங்கே இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

சத்தம் கேட்டு ஹேமந்த் உள்ளே ஓடிவந்தான். விஷயத்தைச் சொன்னதும் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"டென்சில்! எனக்கு அப்பவே டவுட்டு மேடம். அவனுக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க. தெரிஞ்சா இப்பவே காத்த எடுத்துடுவான். வாங்க, நான் தொறக்கிறேன். அந்தக் கதவு என் கட்டைவிரலுக்குத் தொறக்கும்."

காரைத் திருப்ப ஓடினான். வெங்கடம்மா செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினாள். நானும் கிளம்பினேன். ரூபா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம். டென்சில் எழுதின பழைய வரியெல்லாம் பாத்தேன். எல்லா கேஜும் ரெண்டு எழுத்துதான். வாணி அவன் மிஷினுக்கும் ரூல சொல்லிக் குடுத்திருக்கா. அந்தத் துண்டு அவன் மிஷின்ல பொறந்தது இல்ல."

"அப்போ?"

"காலைல கிடங்குக்குள்ள போகக்கூடியவங்க மூணே பேரு. வாணி இல்ல. டென்சில் இல்ல."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. 

"ரூபாம்மா, நான் இங்கியே இருந்து வூட்டப் பாத்துக்கட்டுமா?"

"வாங்கண்ணா. டென்சில் நம்பரு நம்மகிட்ட இல்ல, அந்தக் கட்டைவிரலு நமக்கு வேணும். அவன் லேப்டாப்பும் வேணும், சாவி அதுலதான் இருக்கும். ஸ்டேஷனுக்கு மெசேஜ் போட்டுட்டேன், நாம போற வழிய என் போன் அவங்களுக்குக் காட்டும். நீங்க பேசிக்கினே வாங்க. அவன் கவனம் என் பக்கம் வரக் கூடாது."

இந்த ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ தடவை என்னை வாயை மூடச் சொல்லியிருக்கிறார்கள். பேசு என்று சொன்னவள் இவள் ஒருத்திதான், அதுவும் ஒரு கொலைகாரன் ஓட்டும் காரில்.

ரூபா முன் சீட்டில் ஏறினாள். நானும் வெங்கடம்மாவும் பின்னால். ஹேமந்த் கிளப்பினான். வெங்கடம்மா முன்னால் சாய்ந்து அவன் தோளைத் தடவினாள். "ஜல்தி போப்பா. நீ இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

முதல் திருப்பத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த ரோடெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"சார், நந்திதுர்க்குக்கு இப்டி போவ மாட்டாங்களே?"

"அந்த ரோட்ல பைப் போடறாங்க. தோண்டி வெச்சிருக்காங்க."

நேற்றுதான் நான் அந்த ரோட்டில் வந்தேன். ஒரு குண்டூசி அளவுக்குக்கூடப் பள்ளம் இல்லை. அவன் சுற்றிக்கொண்டு போனான். நாலு மணிக்கு அவன் எங்களோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. பெற்ற தாயும் ஒரு துப்பறியும் ஆபீசும் அவனுக்குச் சாட்சி. அதற்காகத்தான் இந்தப் பிள்ளை அவளோடு எங்கள் படியேறி வந்திருக்கிறான்.

"கரெக்ட்டு சார், எப்ப பாத்தாலும் தோண்டறானுங்க" என்றேன். "தங்கத்த எடுத்தும் புத்தி வர்ல. சார், கால்ல ஒரு பேகு இடிக்குது, மடில வெச்சிக்கவா?"

"லேப்டாப். ஜாக்கிரதை."

"இங்க குடுங்க அண்ணா" என்றாள் ரூபா சாதாரணமாக. "டென்சில் மேல கம்ப்ளெயின்ட் டைப் பண்ணிடறேன். போனதும் போலீஸ் கையில குடுத்துடலாம்."

ஹேமந்த் கியர் மாற்றினான். "பேட்டரி இல்ல மேடம்" என்றான்.

"குடுப்பா, எழுதட்டும்!" வெங்கடம்மா கத்தினாள். "அந்தப் பாவிய உள்ள தள்ள வாணாமா? இன்னா யோசிக்கற?"

ஸ்பீட் பிரேக்கரில் கார் மெதுவானபோது, ரூபா திறந்து பிடித்த லேப்டாப்பில் அவன் கட்டைவிரலை வைத்தான். "டாக்குமென்ட் மட்டும் தொறங்க" என்றான். பேட்டரி நிறையவே இருந்தது.

நான் பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் பாதி ஞாபகம் இல்லை. மாம்பழ விலை, கார் மைலேஜ், என் மச்சானின் குடல்வால் ஆபரேஷன். இடையில் அவன் கல்யாணத்தைப் பற்றியும் கேட்டேன்.

"சாப்பாடா பிரியாணியா சார்?"

"இன்னும் முடிவு பண்ணல" என்றான் ரோட்டைப் பார்த்தபடி. கொஞ்சம்கூடக் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ரூபா திரையைக் கொஞ்சமாக என் பக்கம் சாய்த்தாள். எடிட்டர் திறந்திருந்தது. கிடையவே கிடையாது என்று அவன் சொன்ன அதே எடிட்டர். புதுப் பக்கத்தில் '(கேஜ் அறை' என்று அடித்து, என்டர் தட்டினாள். கர்சர் இரண்டு எழுத்தில் நிற்கவில்லை. வலப்பக்கம் ஓடிப்போய், 'அறை'க்கு நேர் கீழே நின்று கண் சிமிட்டியது.

ஆண்டவரே, என்று உள்ளுக்குள் கூப்பிட்டேன். வெளியே, "குடல்வாலு இம்மா நீளம் சார்" என்று கையை விரித்துக் காட்டினேன்.

ரூபா வேகமாக அடித்தாள். சாவி அங்கேதான் இருந்திருக்கும். எத்தனை வரி அடித்தாள், எதை மாற்றினாள் என்று நான் பார்க்கவில்லை. ஹேமந்தின் கண் அவள் விரல் பக்கம் போகும்போதெல்லாம் நான் என் குரலை உயர்த்தினேன். வெங்கடம்மா என்னைப் பார்த்த பார்வையில், இவனுக்குப் பைத்தியம் என்று எழுதியிருந்தது. கார் கடிகாரத்தில் நாலடிக்க இன்னும் கொஞ்சம்தான்.

அப்போது டேஷ்போர்டில் வைத்திருந்த அவன் போன் ஒளிர்ந்தது.

நான்கு பேருமே பார்த்தோம். கிடங்கிலிருந்து தானாக வரும் தகவல் அது. 'மூன்றாம் அறை. புரோகிராம் மாற்றப்பட்டது. மாற்றியவர்: வாணி.'

ஹேமந்த் அதை இரண்டு தடவை படித்தான்.

"அதெப்டி?" என்றான். "வாணியால இப்ப எதுவும் எழுத முடியாதே."

காருக்குள் யாரும் பேசவில்லை. நானும்தான்.

"ஏன் முடியாது?" என்று கேட்டாள் வெங்கடம்மா.

அவன் மெல்லத் திரும்பி, ரூபாவின் மடியில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அதில் கோபம்கூட இல்லை. கணக்குப் போடுகிறவன் முகம்.

ஸ்டியரிங்கை முறித்தான். கார் ரோட்டை விட்டு இறங்கிச் சயனைடு மேட்டுப் பக்கம் பாய்ந்தது. அதற்கப்பால் வேலி விழுந்த பழைய ஷாஃப்ட், சுரங்கக் குழி, ஒன்று இருக்கிறது. வாய்வரை தண்ணீர். வெள்ளைப் புழுதி கண்ணாடியை மூடியது. வெங்கடம்மா அலறினாள். நான் தைரியசாலி இல்லை, ஆனால் ஒரு வண்டியை நிறுத்த எனக்குத் தெரியும். இரண்டு சீட்டுக்கு நடுவே பாய்ந்து, ஹேண்ட்பிரேக்கை இருந்த பலமெல்லாம் கூட்டி இழுத்தேன். கார் ஒரு சுற்றுச் சுற்றி, மாவு மாதிரி இருந்த அந்த மணலில் பக்கவாட்டாகப் புதைந்து நின்றது.

அவன் ரூபாவின் கையிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கப் பாய்ந்தான். நான் பின்னாலிருந்து சீட்டோடு சேர்த்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். பயத்தில் கட்டிக்கொண்ட கை லேசில் விடாது. அவன் என் கையைக் கடித்தான். நான் கத்தினேன், விடவில்லை.

"ரூபாம்மா, மாத்திட்டியா? நின்னுடுச்சா?"

"பிராக்கெட்ட எடத்துல வெச்சேன். நாலு மணிய எடுத்துட்டு இப்பவேன்னு போட்டேன். கேஜுக்குள்ள ஒரு வரி சேத்தேன். கதவைத் திற." அவளுக்கு மூச்சு வாங்கியது. "தகவல் வந்திருக்கு, அப்ப போய்ச் சேந்திருக்கும். ஆனா அண்ணா, காலைலருந்து அவ உள்ள..."

முடிக்கவில்லை. முடிக்காதே என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

கடிகாரம் நாலு காட்டியது. காற்று காரை ஆட்டியது. ஹேமந்த் என் பிடியில் அசையாமல் இருந்தான், அவனும் காத்திருந்தான். வெங்கடம்மா கேட்க வேண்டியதை எல்லாம் அந்த ஒரு கேள்வியிலேயே கேட்டுவிட்டாள். கண் மட்டும் போனை விட்டு நகரவில்லை.

போன் அடித்தது. டென்சில்.

ரூபா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹேமந்த், எங்க மேன் இருக்க? மூணாவது ரூம் கதவு தானா தொறந்துக்கிச்சு மேன்! உள்ள... மை காட்... உள்ள வாணி கீழ கெடக்கா..."

வெங்கடம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷச் சத்தமே இல்லை அது.

"டென்சில், நான் ரூபா பேசறேன். அவங்க அம்மா இங்க இருக்காங்க. மூச்சு இருக்கான்னு பாருங்க. வெளிய இழுத்துட்டு வாங்க, காத்துக்கு."

எதுவோ தரையில் இழுபடும் சத்தம். டென்சிலின் மூச்சு. அப்புறம் ஒன்றுமில்லை. என் கை மரத்துப்போயிருந்தது. ஏசப்பா, ஒரு இருமல், ஒரே ஒரு இருமல் என்று கேட்டேன்.

இருமல் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு, குளிரில் பல்லடிக்க, ஒரு பெண்ணின் குரல்.

"ம்மா..."

"கண்ணு!"

"ம்மா, ஹேமந்த் எங்க? அவன உட்றாத ம்மா. ஆள் இருக்கான்னு பாக்கற வரிய அவன்தான் எடுத்துட்டான், லோடு சீக்கிரம் ஏறணும்னு. அதுலதான் மனோகர் அண்ணன் வுழுந்தாரு. ஓனர்கிட்ட சொல்லுவேன்னு சொன்னேன். உள்ள தள்ளிப் பூட்டிட்டான் ம்மா."

ஹேமந்த் திடீரென்று உடம்பை முறுக்கினான். என் கை நழுவியது. கதவைத் திறந்துகொண்டு பாதி வெளியே போய்விட்டான். அதற்குமேல் போகவில்லை. வெங்கடம்மா சீட்டுக்கு மேலே எழும்பி, அவன் தலைமுடியை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்திருந்தாள். பிடித்து, பின்னால் இழுத்து, சீட்டில் சாய்த்தாள். தூரத்தில் போலீஸ் ஜீப்பின் சைரன் கேட்டது.

"நீ நல்லா காத்து வாங்கு கண்ணு" என்றாள் போனைப் பார்த்து. குரலில் நடுக்கமே இல்லை. "அவன் எங்கியும் போவல. இங்கதான் கீறான். நான் புடிச்சிகினு கீறேன்."